ஓவன் கிடையாது, சனிக்கிழமை விருந்து: முதல் நாளே செய்து வைக்கிற மாதிரி ஓர் இனிப்பு சொல்லுங்களேன்

வேளச்சேரி வாசகி
எல்லாருக்கும் வணக்கம். வருகிற சனிக்கிழமை இரவு வீட்டுக்காரரின் அலுவலக நண்பர்கள் குடும்பத்தோடு சாப்பிட வருகிறார்கள். பெரியவர்கள் எட்டுப் பேர், கூடவே இரண்டு வாண்டுகள். வெஜ் பிரியாணி, எண்ணெய்க் கத்திரிக்காய், பன்னீர் என்று சாப்பாடு முடிவாகிவிட்டது. இனிப்புதான் இடிக்கிறது. நான் கேசரி கிண்டுவேன் என்பது ஊருக்கே தெரியும், சேமியா பாயாசமும் அப்படித்தான். கடையில் வாங்கி வைக்க மனம் வரவில்லை.

ஓவன் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு அடுப்பிலும் வேலை இருக்கும். வருகிறவர்களில் ஒரு குடும்பம் முட்டை தொடாது, ஜெலட்டினும் கூடாது. ஃப்ரிட்ஜ் ஒற்றைக் கதவுதான். மாமனாருக்குச் சர்க்கரை. இதையெல்லாம் வைத்துக்கொண்டு, பார்த்தவுடன் "இதை நீங்களா செய்தீர்கள்?" என்று கேட்கிற மாதிரி ஏதாவது வேண்டும். பேராசைதான், தெரியும்.

கருப்பட்டிக் காபி
மைசூர்பாகு, அல்வா, பால்கோவா எதற்கு ஓவன் கேட்டார்கள் நம் ஊரில்? கை வலிக்கக் கிளற வேண்டியிருப்பதுதான் தொல்லை. ஆகவே உங்களுக்கு வேண்டியது தானாக உறைகிற சமாசாரம். வெள்ளிக்கிழமை ராத்திரி செய்து மூடி வைத்துவிட்டால் சனிக்கிழமை அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

இன்னொன்று, பிரியாணிக்கு அப்புறம் வெண்ணெயும் கிரீமும் வந்தால் யாராலும் இரண்டு ஸ்பூனுக்கு மேல் சாப்பிட முடியாது. குளிர்ச்சியாக, லேசாக யோசியுங்கள். யாராவது "ஃப்ரூட் கஸ்டர்ட்" என்று வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: வாழைப்பழம் கறுத்து, ஆப்பிள் தண்ணீர் விட்டுக் கிடக்கிற அந்தக் கிண்ணத்தை எத்தனை வீட்டில்தான் பார்ப்பது!

மாடித்தோட்டம்
கஸ்டர்டைத் திட்டாதீர்கள் அண்ணா. முட்டை ஒத்துக்கொள்ளாத மனைவிக்காக ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர் 1837இல் பர்மிங்ஹாமில் கண்டுபிடித்த பொடி அது. முட்டை சாப்பிடாத விருந்தாளிக்கு அதைவிடப் பொருத்தமானது ஏது? கஸ்டர்டை மட்டும் முதல் நாள் காய்ச்சிக் குளிர வைத்துவிட்டு, பழத்தைப் பரிமாறுகிற நேரத்தில் நறுக்கிப் போட்டால் நீங்கள் சொல்கிற கோலம் வராது. மாதுளையும் கறுப்புத் திராட்சையும் போதும், வாழைப்பழத்தை விட்டுவிடுங்கள்.

மண்டபத்துக்காரன்
வாசகி அக்கா, கடல்பாசி இருக்கும்போது ஏன் யோசனை? கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். அகர் அகர் என்பதும் இதுதான். எங்கள் பக்கம் மண்டபம், பாம்பன் கடலில் பெண்கள் முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் இதைத் தயாரிக்கிறார்கள். நோன்பு மாதத்தில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் இஃப்தாருக்குக் கடல்பாசி இல்லாமல் இருக்காது. முழுக்கத் தாவரம், அதனால் உங்கள் விருந்தாளிக்குச் சிக்கல் இல்லை.

இளநீர்ப் பாசி செய்யுங்கள். கணக்கு எளிது: 10 கிராம் பாசிக்கு எல்லாத் திரவமும் சேர்த்து ஒரு லிட்டர்.

பாசியைக் கத்தரியால் நறுக்கி அரை மணி நேரம் ஊற வையுங்கள். ஒன்றரை டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு இழைகூடக் கண்ணில் படாத அளவுக்குக் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். இதில் பாதியைச் சர்க்கரை கலந்த இளநீரில் ஊற்ற வேண்டும். இளநீரைக் கொதிக்கவிடாதீர்கள், மணம் போய்விடும். ஆனால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடும் ஊற்றாதீர்கள், பாசி அங்கங்கே திரண்டு நூல் நூலாகிவிடும். கை பொறுக்கிற சூடு போதும். வழுக்கையை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு மேலே ஊற்றுங்கள்.

மீதிப் பாசித் தண்ணீரை அதுவரை மிக மெல்லிய தீயில் சூடாகவே வைத்திருங்கள், இல்லாவிட்டால் பாத்திரத்திலேயே உறைந்துவிடும். உறைந்தாலும் கவலை இல்லை, மறுபடி கொதிக்க வைத்தால் கரையும். அதைக் கெட்டித் தேங்காய்ப்பாலில் கலந்து இரண்டாவது அடுக்காக ஊற்ற வேண்டும். முதல் அடுக்கு உறைந்தும் உறையாமலும், விரல் வைத்தால் லேசாக ஒட்டுகிற பதத்தில் இருக்கும்போது ஊற்றுவதுதான் சூட்சுமம். முழுக்க உறைந்த பிறகு ஊற்றினால் வெட்டும்போது இரண்டும் தனித்தனியாக வழுக்கிக்கொண்டு போகும். கீழே கண்ணாடி மாதிரி இளநீர், மேலே பால் வெள்ளை. இதற்கு மேல் அலங்காரமே வேண்டாம்.

வேளச்சேரி வாசகி
படிக்கும்போதே குளிர்கிறது தம்பி! இரண்டு சந்தேகம். பாசிக்குப் பதில் அகர் பொடி கிடைத்தால் எவ்வளவு? அப்புறம், வீட்டில் நல்ல அன்னாசி இருக்கிறது. வழுக்கைக்குப் பதில் அதைப் போடலாமா?

வேதியியல் வாத்தியார்
பொடி என்றால் கால் லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் வெட்டி எடுக்கிற பதம். கிண்ணத்தில் வைத்து ஸ்பூனால் சாப்பிடுவதற்கு அதைவிடக் குறைக்கலாம். பிராண்டுக்குப் பிராண்டு வீரியம் மாறும், அதனால் சோதித்துப் பார்ப்பது நல்லது. ஒரு தட்டை ஃப்ரீசரில் வைத்திருந்து, கலவையில் ஒரு ஸ்பூன் அதில் விடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் கடைசிப் பதம் தெரிந்துவிடும். கெட்டி என்றால் திரவம் சேர்க்கலாம், தளர்வு என்றால் இன்னும் கொஞ்சம் பொடியைத் தனியாகக் கொதிக்க வைத்துச் சேர்க்கலாம்.

அன்னாசி பற்றி: பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி உண்டு, அது புரதத்தை அறுக்கும். ஜெலட்டின் புரதம், அதனால் அன்னாசி போட்ட ஜெல்லி உறையவே உறையாது. பப்பாளி, கிவி இரண்டும் இதே கதைதான். கடல்பாசி மாவுச்சத்து வகையைச் சேர்ந்தது, அதை அன்னாசி ஒன்றும் செய்யாது. ஆனால் உங்கள் இரண்டாவது அடுக்கில் மாட்டுப்பால் சேர்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். பால் புரதத்தை அந்த நொதி அறுத்து, சில மணி நேரத்தில் கசப்பேறிவிடும். துண்டுகளைச் சர்க்கரை போட்டு ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால் நொதி செத்துவிடும், அப்புறம் பயமில்லை. டின் அன்னாசி ஏற்கெனவே சூடு கண்டது.

எலுமிச்சைச் சாறு சேர்ப்பதாக இருந்தால் பாசியை இறக்கிய பிறகு. புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் உறைகிற சக்தி குறைந்துபோகும்.

நெய்க்கிண்ணம்
நானும் கடல்பாசி பிரியைதான், ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பன்னா கோட்டா என்பது கிரீமை ஜெலட்டினில் உறைய வைக்கிற இத்தாலிய இனிப்பு. இணையத்தில் "சைவ பன்னா கோட்டா" என்று ஜெலட்டின் இருந்த இடத்தில் பாசியைப் போட்டுக் காட்டுகிறார்களே, அது இத்தாலிக்காரர் சாப்பிடுகிற பன்னா கோட்டா ஆகவே ஆகாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வாயில் வைத்தால் கடிக்கிற பதம்.

வேதியியல் வாத்தியார்
உண்மை. ஜெலட்டின் உடல் சூட்டிலேயே உருகிவிடும், அதனால் நாக்கில் கரைகிறது. பாசி உருகக் கிட்டத்தட்ட 85 டிகிரி வேண்டும். ஆகவே வாயில் உருகாது, உடைந்து சில்லென்று போகும். இதே குணம்தான் சென்னைக்கு வரமும்கூட. ஒருமுறை உறைந்துவிட்டால் மே மாத வெயிலில் மேசை மேல் இருந்தாலும், கரண்ட் போனாலும் அசையாது. ஜெலட்டின் புட்டிங் அந்த வெயிலில் பத்து நிமிடத்தில் அழ ஆரம்பித்துவிடும். பாசியைப் பன்னா கோட்டாவாக்கப் பார்க்காமல் பாசியாகவே பரிமாறுங்கள் என்பேன்.

வெள்ளவத்தை மருமகள்
வணக்கம். எங்கட வீட்டில் ஆட்கள் சாப்பிட வருகினம் என்றால் பிஸ்கட் புடிங்தான். இலங்கையில் கலியாண வீடு, பிறந்தநாள் எங்கேயும் பார்ப்பீங்கள். அடுப்பே பற்ற வைக்கத் தேவையில்லை.

உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம் அறை வெப்பத்துக்கு வரட்டும். ஐசிங் சுகர் 200 கிராம் சேர்த்து, நிறம் வெளுத்துப் பஞ்சு மாதிரி வருமட்டும் அடியுங்கோ. கொக்கோ நாலு மேசைக்கரண்டியைச் சலித்துச் சேருங்கோ, ஒரு சொட்டு வனிலா, ஒரு கிள்ளு உப்பு. மாரி பிஸ்கட்டை ஆறின பாலில் ஒருக்கால் தோய்த்து உடனே எடுத்துக் கண்ணாடித் தட்டில் அடுக்க வேணும். கூட நேரம் பாலுக்குள் கிடந்தால் கையிலேயே கரைந்துவிடும். ஒரு அடுக்கு பிஸ்கட், ஒரு அடுக்கு கலவை, மேலே வறுத்த கஜு, அதுதான் முந்திரிப் பருப்பு. இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தால் பிஸ்கட் கேக் மாதிரி ஆகிவிடும், கத்தியால் வெட்டலாம். சிலர் பச்சை முட்டை மஞ்சட்கரு சேர்ப்பார்கள். உங்களுக்கு அது வேண்டாம், எனக்கும் அது விருப்பமில்லை.

இதைவிடக் கெதியாக வேண்டுமென்றால் தயிரும் பாணியும். சட்டியில் உறைந்த எருமைத் தயிர், மேலே கித்துள் பாணி (கூந்தற்பனைப் பதநீரில் காய்ச்சுகிற பாகு), வேறொன்றும் இல்லை. தெற்கில் திஸ்ஸமகாராமைப் பக்கம் போனால் வீதியோரம் முழுக்கத் தயிர்ச் சட்டிதான். சென்னையில் கித்துள் பாணி கிடைக்காவிட்டால் கருப்பட்டியைக் கரைத்து வடித்துப் பாகு காய்ச்சலாம். அதே மணம் வராது, ஆனால் நல்லாத்தான் இருக்கும்.

கருப்பட்டிக் காபி
கருப்பட்டிப் பாகு என்று சொல்லிவிட்டீர்கள், இனி நான் இந்த இழையைவிட்டு நகரப் போவதில்லை. ஒரு சின்ன யோசனை: சாதாரணத் தயிரை வெள்ளைத் துணியில் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வடிய விடுங்கள். வெளியே தொங்கவிட்டால் இந்தச் சூட்டில் விடிவதற்குள் புளித்துவிடும். காலையில் கரண்டி நிற்கிற பதத்தில் இருக்கும். சின்னக் கிண்ணங்களில் போட்டு, மேலே பாகு, இரண்டு துண்டு வறுத்த தேங்காய்ச் சில்லு. இவ்வளவுதான் வேலை, ஆனால் வந்தவர்கள் ஏதோ பெரிய ஓட்டல் சமாசாரம் என்றுதான் நினைப்பார்கள்.

கோரேகாவ் குடித்தனம்
அந்தத் தயிரை வைத்து ஸ்ரீகண்ட் செய்யலாமே! மும்பையில் எங்கள் மாடியில் விருந்து என்றால் இதுதான். ஒரு கிலோ தயிர் வடிந்தால் பாதிக்கும் குறைவாகத்தான் கிடைக்கும், அதனால் எட்டுப் பேருக்கு இரண்டு கிலோவாவது வாங்குங்கள். வடிந்த தயிரில் பாதி எடைக்குப் பொடித்த சர்க்கரை, வெதுவெதுப்பான பாலில் ஊறிய குங்குமப்பூ, ஏலக்காய். மெல்லிய சல்லடையில் கரண்டியால் தேய்த்து இறக்கினால் திப்பி இல்லாமல் பட்டாக வரும், இந்த வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். சர்க்கரை சேர்த்ததும் தளரும், பயப்படாதீர்கள், குளிர்ந்தால் இறுகிவிடும். மாம்பழக் காலமாக இருந்தால் விழுதைச் சேர்த்து ஆம்ரகண்ட். வடிந்த தண்ணீரைக் கொட்டாமல் சப்பாத்தி மாவு பிசையுங்கள்.

ஈஸ்ட்ஹாம் இட்லி
லண்டனிலிருந்து ஒன்று. எலுமிச்சை பொசெட் என்று இங்கே பழைய இனிப்பு. கிரீம் 600 மில்லி, சர்க்கரை 150 கிராம், மூன்று நிமிடம் கொதிக்க வைத்து, இறக்கி இரண்டு மூன்று எலுமிச்சையின் சாறு. ஜெலட்டின் இல்லை, பாசி இல்லை, முட்டை இல்லை. ஃப்ரிட்ஜில் நான்கு மணி நேரத்தில் தானே உறைந்துவிடும். புளிப்பும் இருக்கிறது, பிரியாணிக்கு அப்புறம் சரியாக இருக்கும்.

மாடித்தோட்டம்
இந்தக் குறிப்பை நம்பி இந்தியக் கிரீமில் இறங்காதீர்கள் யாரும். அங்கே டபுள் கிரீம் என்பதில் கொழுப்பு 48 சதவீதம். நம் கடையில் டெட்ரா பேக்கில் ஃப்ரெஷ் கிரீம் என்று வருவது பெரும்பாலும் 25 சதவீதம். அதில் எலுமிச்சை பிழிந்தால் பாயாசம் மாதிரிதான் நிற்கும். அதே காரணத்தால் அதை எவ்வளவு அடித்தாலும் நுரைத்து எழும்பாது. எழும்பக் குறைந்தது 30 சதவீதம் வேண்டும். அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள். கிண்ணம், பீட்டர் கம்பி எல்லாம் ஃப்ரீசரில் வைத்து, ஐஸ் தண்ணீர் மேல் கிண்ணத்தை வைத்து அடித்தால்தான் நம் சமையலறைச் சூட்டில் நிற்கும்.

பேக்கரிக்காரர்கள் பயன்படுத்துகிற நான் டெய்ரி விப்பிங் கிரீம் எளிதில் எழும்பும், மணிக்கணக்கில் நிற்கும். ஆனால் அது தாவர எண்ணெய், ஏற்கெனவே இனிப்பும் சேர்ந்தது. நாக்கில் மெழுகு பூசின மாதிரி ஒரு படலம் நிற்கும். குழந்தைகளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

வேதியியல் வாத்தியார்
கிரீமே இல்லாமல் சாக்லேட் மூஸ் என்கிற நுரை இனிப்பு செய்யலாம் தெரியுமா? பிரான்சின் ஹெர்வே திஸ் என்ற வேதியியலாளர் காட்டிய வழி. 70 சதவீதக் கோகோ உள்ள டார்க் சாக்லேட் 200 கிராம், தண்ணீர் 180 மில்லி. சர்க்கரை வேண்டுமானால் இரண்டு ஸ்பூன். சேர்த்து உருக்கி, ஐஸ் கட்டி மேல் கிண்ணத்தை வைத்துக் கையால் அடித்துக்கொண்டே இருங்கள். சிறிது நேரம் ஒன்றுமே நடக்காது, பிறகு திடீரென்று கெட்டியாகும். அந்த நொடியில் நிறுத்த வேண்டும். தாண்டினால் மணல் மணலாகும், அப்போதும் மறுபடி உருக்கி அடித்தால் சரியாகிவிடும். நீர்க்கவே இருந்தால் இன்னும் நான்கு துண்டு சாக்லேட். காம்பவுண்ட் சாக்லேட் வேண்டாம், அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. ஒரு ஸ்பூன் டிகாக்‌ஷனைத் தண்ணீரோடு சேர்த்தால் சாக்லேட்டின் சுவை தூக்கும்.

நெய்க்கிண்ணம்
டிகாக்‌ஷன் என்றதும் ஞாபகம் வருகிறது. டிரமிசு யாரும் சொல்லவில்லையே? இத்தாலியில் திரெவிசோ ஊர்ச் சரக்கு. அசலில் பச்சை முட்டை சேரும், நமக்கு அது கழிந்தது. வடித்த தயிரையும் அடித்த கிரீமையும் சம அளவு கலந்து, ரஸ்க்கை ஆறின ஃபில்டர் காபி டிகாக்‌ஷனில் தோய்த்து அடுக்கி, மேலே கொக்கோ தூவலாம். ரொம்ப நன்றாகவே இருக்கும். ஆனால் டிரமிசு என்று அறிவித்துவிட்டுப் பரிமாறாதீர்கள். எட்டுப் பேரில் ஒருவர் கட்டாயம் ஐரோப்பா டூர் போய் வந்தவராக இருப்பார், அப்புறம் ராத்திரி முழுக்க அவர் கதைதான்.

பழனிப் பாதயாத்திரை
ஒருவரும் பஞ்சாமிர்தத்தை நினைக்கவில்லையே! மலை வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய். தீ கிடையாது, சொட்டுத் தண்ணீர் கிடையாது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடே கொடுத்தார்கள். வனிலா ஐஸ்கிரீம் மேல் ஒரு ஸ்பூன் விட்டுப் பாருங்கள்.

மாடித்தோட்டம்
பிரசாதத்தை ஐஸ்கிரீமுக்குச் சாஸ் ஆக்குவது எனக்கு ஒப்பவில்லை. வீட்டில் பழத்தைப் பிசைந்து நாமே செய்தால் அது வேறு, தாராளமாக விடுங்கள். கோயில் டப்பாவைத் திறந்து வேண்டாம்.

பழனிப் பாதயாத்திரை
வீட்டில் செய்வதைத்தான் சொன்னேன் சகோ. மலை வாழை கிடைக்காத ஊரில் நன்கு பழுத்த ரஸ்தாளியிலும் செய்யலாம், உடனே சாப்பிட்டுவிட வேண்டும்.

வெள்ளவத்தை மருமகள்
வாசகி, உங்கட மாமனாரை எல்லாரும் மறந்துபோனார்கள். கருப்பட்டி, வெல்லம், தேன் எல்லாம் இரத்தத்தில் சர்க்கரையைத்தான் ஏற்றும். "இது உடம்புக்கு நல்லது" என்று சொல்லி அவருக்கு ஊற்றிவிடாதீங்கோ. நுங்கு கிடைக்கிற காலமென்றால் இனிப்புச் சேர்க்காத பாலில் இளம் நுங்கை வெட்டிப்போட்டு, ஏலக்காய் தூவி, மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சமாய்க் கொடுங்கோ. பாலும் நுங்கும் எவ்வளவு என்பது அவருடைய வழக்கமான கணக்குப்படி. அவருக்கு மட்டும் தனிச் சாப்பாடு என்று தெரியக்கூடாது, அதுதான் முக்கியம்.

கருப்பட்டிக் காபி
பரிமாறுவது பற்றி: பெரிய தட்டில் வைத்து வெட்டிக் கொடுப்பதைவிடச் சின்னச் சின்னக் கண்ணாடி டம்ளரில் தனித்தனியாக உறைய வைத்தால் பாதி பெருமை அங்கேயே வந்துவிடும். எல்லாரும் சமமாகச் சாப்பிடுவார்கள், வெட்டும்போது உடைகிற பயமும் இல்லை. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் இடம் வேண்டுமே என்றால், தண்ணீர் பாட்டில்களை வெளியேற்றிவிட்டு ஒரு தட்டில் டம்ளர்களை அடுக்கி அதன் மேல் இன்னொரு தட்டு. மேல் தட்டு மூடியாகவும் ஆகிறது. மூடாவிட்டால் பாலும் கிரீமும் பக்கத்தில் இருக்கிற வெங்காய மணத்தை வாங்கிக்கொள்ளும்.

வேளச்சேரி வாசகி
எல்லாருக்கும் பெரிய நன்றி. பெரியவர்களுக்கு இளநீர்ப் பாசி, வாண்டுகளுக்குப் பிஸ்கட் புடிங் பாதி அளவு என்று முடிவு செய்திருக்கிறேன். பொசெட் ஆசையை விட்டுவிட்டேன். என்னிடம் கண்ணாடி டம்ளர் ஆறுதான் இருக்கிறது. மீதியை எவர்சில்வர் கிண்ணத்தில் உறைய வைத்துக் கவிழ்த்து எடுக்கலாமா, ஒட்டிக்கொள்ளுமா? அப்புறம், வியாழக்கிழமையே செய்து ஃப்ரீசரில் வைத்துவிட்டால் இன்னும் நிம்மதியாக இருக்குமே?

மண்டபத்துக்காரன்
எவர்சில்வர் தாராளமாக ஆகும். ஊற்றுவதற்கு முன்னால் கிண்ணத்தைத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் அப்படியே ஊற்றுங்கள். எண்ணெய், நெய் எதுவும் தடவ வேண்டாம், இளநீர் அடுக்கின் பளபளப்பு போய்விடும். உறைந்த பிறகு ஓரத்தில் விரலால் லேசாக அழுத்தி விலக்கிக் கவிழ்த்தால் தானாக விழும். ஒன்று ஞாபகம், கவிழ்க்கும்போது மேல் கீழாகும். இளநீர் மேலே தெரிய வேண்டுமென்றால் டம்ளருக்கு ஊற்றுகிற அதே வரிசையில் ஊற்றுங்கள், பால் மேலே வேண்டுமென்றால் முதலில் பாலை ஊற்றுங்கள்.

ஃப்ரீசர் மட்டும் வேண்டவே வேண்டாம் அக்கா. பாசி பனியாகிவிட்டால் உள்ளே பிடித்துவைத்த தண்ணீரையெல்லாம் விட்டுவிட்டுச் சக்கையாகிவிடும், திரும்பச் சரி செய்ய முடியாது. கீழ்த்தட்டிலும் இரண்டு நாள் இருந்தால் ஓரத்தில் தண்ணீர் கசிய ஆரம்பிக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் செய்யுங்கள், எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேர வேலை. இளநீரை மட்டும் அன்றைக்குச் சாயங்காலமே வெட்டி வாங்கி வையுங்கள், வழுக்கை இளசாக வேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள்.